துண்டு போட்ட இடம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுத்தான் பாடத்தில் இடம் பிடிக்க வேண்டும். கட் ஆஃப், கவுன்சலிங் எல்லாம் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிற வரைக்கும்தான். முதல் திங்கட்கிழமை காலையில் எல்லா வகுப்பறை ஜன்னல்களையும் திறந்து வைப்பார்கள். எந்தப் பாடம் வேண்டுமோ அந்த ஜன்னலுக்கு ஓடிப்போய், கையில் இருப்பதைக் காலி இருக்கையாகப் பார்த்துப் போட வேண்டும். பிறகு வாசல் வழியாகச் சுற்றி வந்து, போட்டதை எடுத்துவிட்டு உட்கார வேண்டும். வருகை எடுக்கும்போது இருக்கையில் எது இருக்கிறதோ அதுதான் மாணவர். பஸ்ஸில் போய் வருகிற யாருக்கும் இது புரியும்.

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும். அப்பா சங்கரன்கோவில் பக்கம் மினிபஸ் கண்டக்டர். துண்டு போட்டவர் ஒருவர், ஏறி உட்கார்ந்தவர் ஒருவர் என்று தினமும் சண்டை வரும். அப்பா ஒரே தீர்ப்புதான் சொல்லுவார். “துண்டு கெடந்தா ஆளு கெடந்த மாதிரிவே. எந்திரியும்.” எதிர்த்துப் பேசினவர்கள் யாரும் அடுத்த நிறுத்தம் வரைக்கும் தாக்குப்பிடித்ததில்லை.

நான் கிளம்புகிற அன்றைக்கு அப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் பைக்குள் வைத்தார். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை.

“ஏட்டி இசக்கி, வாங்குன நாள்லருந்து இது ஒரு எடத்தையும் விட்டதில்ல. நம்பிப் போடு.”

எனக்கு வேண்டியது வானியல். அதற்கும் காரணம் அப்பாதான். சின்ன வயதில் கடைசி டிரிப்பில் நானும் ஏறிக்கொள்வேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் நிலா கூடவே வரும். பஸ் நின்றால் நிற்கும், கிளம்பினால் கிளம்பும். அது ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “டிக்கெட் எடுக்கலட்டி. எடுத்திருந்தா உள்ள வந்து உக்காந்திருக்கும்லா” என்றார் அப்பா. அந்தப் பதிலில் எனக்குப் பாதிதான் திருப்தி. நிலா ஏன் டிக்கெட் எடுக்கவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ராப்பகலாகப் படித்து இங்கே வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வானியல் ஜன்னலில் கூட்டம் மொய்த்தது. நான் இரண்டு பேர் இடுக்கில் கையை விட்டு, மூன்றாவது வரிசையில் துண்டைப் போட்டேன். அது அலுங்காமல் போய் இருக்கையில் விரிந்து படுத்தது. அப்பா பெயரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்துபோனது. சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அங்கே முறுக்குப் பிழிகிற மாதிரி கூட்டம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சரியாகத்தான் இருந்தது. நான் நிலைப்படியில் கால் வைக்கும்போது வானியல் நடத்துகிற ஜெசிந்தா மேடம் வருகையை முடித்துப் பதிவேட்டை மூடிவிட்டார்.

“மேடம், அது என் துண்டு” என்றேன்.

“அது வானியல் முதலாமாண்டு. நீங்க யாரு?”

நான் மறுபடியும் துண்டைக் காட்டினேன். மேடமே யோசித்து, “துண்டுக்குக் காப்பாளர்னு போட்டுக்கிறேன். காலைல கொண்டுவந்து விடுங்க, சாயந்தரம் கூட்டிட்டுப் போங்க. சோப்பு வாசனை அதிகமா வேண்டாம்” என்றார்.

இருக்கை கிடைக்காதவர்களுக்கு ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டு. அதற்குள் எந்த இருக்கையிலாவது உட்கார்ந்துவிட வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அதுவரை காப்பாளராக விடுதியில் தங்கலாம், சாப்பாடும் உண்டு.

என் அறைத் தோழி ரஹ்மத், கடையநல்லூர்க்காரி. அவள் இரண்டு ஜன்னலில் முயற்சி செய்தவள். அவளுடைய இடது செருப்பு பொருளியலிலும் வலது செருப்பு விலங்கியலிலும் சேர்ந்துவிட்டன. அவள் வெறுங்காலோடு ஓடிப்போய் வரலாற்றில் தானே உட்கார்ந்துவிட்டாள். “செருப்பு போனாப் போவுது, ஓடுறதுக்கு லேசா இருந்துச்சு” என்றாள். நான் செருப்பு இருந்தும் வெளியே நின்றேன்.

முதல் நாள் சாயங்காலம் துண்டைக் கூட்டிவந்தேன். கொஞ்சம் ஈரமாக இருந்தது. நான் வழக்கம்போல் அலசிப் பிழிந்து கொடியில் போட்டேன். மறுநாள் வகுப்பில் மேடம் கேட்ட கேள்விக்குத் துண்டு பதில் சொல்லவில்லை. காப்பாளரைக் கூப்பிட்டார்கள்.

“நேத்து நடத்துனது சனிக் கிரகம். முழுசையும் சாக்கடைல விட்டிருக்கீங்க” என்றார் மேடம். “பாடம் துணியிலதான் நிக்கும். பரீட்சை வரைக்கும் துவைக்கக் கூடாது, பிழியக் கூடாது, வெயில்ல போடக் கூடாது.”

துண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு முழுவதும் சுருண்டுகொண்டே கிடந்தது. அடி ஆத்தி, இரண்டு முழத் துண்டுக்கு இவ்வளவு ரோஷமா என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பாவமாக இருந்தது. முதல் பாடத்தை இழப்பது சின்ன விஷயம் இல்லை. நாற்காலி முதுகில் நிழலாகப் பார்த்து விரித்துவிட்டு, “தெரியாமச் செஞ்சிட்டேன்” என்றேன். கரையில் ஒரு நூல் நீண்டிருந்தது, அதை அறுக்காமல் முடிந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை சரியாகிவிட்டது.

தினமும் காலையில் தோளில் போட்டுக்கொண்டு போவேன். மூன்றாவது வரிசையில் விரித்துவிட்டு வெளியே ஜன்னலுக்குக் கீழே நின்றுகொள்வேன். வானியல் வகுப்பின் ஜன்னல்களை முதல் நாளுக்குப் பிறகு சாத்திவிடுவார்கள். கண்ணாடி வழியாக மேடத்தின் கை அசைவது தெரியும், சத்தம் வராது. அவர் பலகையின் அந்தக் கோடிக்கு நடந்தால் நானும் வெளியே அந்தக் கோடிக்கு நடப்பேன். இந்தக் கோடிக்கு வந்தால் வருவேன்.

துண்டு நன்றாகப் படித்தது. நாளாக நாளாகக் கனத்தது. முதல் மாதம் ஒரு தோளில் தூக்கினேன், இரண்டாம் மாதம் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். நுனியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும்போது விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் செவ்வாய் துருச் சுவையாக இருந்தது. அதற்குமேல் எடுத்ததில்லை, அடுத்தவர் படிப்பு.

அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார்.

“துண்டு எப்படிப் படிக்குது?”

“முதல் மதிப்பெண்ணாம்.”

“அப்படியா! அது என் தோள்ல கெடக்கும்போதே நெனச்சேன். நம்ம குடும்பத்துல மொதமொத காலேஜுக்குப் போனது அதுதான்.”

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க எனக்குத் தெரியாது. நான் “ம்” என்றதும் அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எடத்தத்தான் பிடிச்சாச்சுல்லா. ஏறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆவும். அதுக்குள்ள எறங்கிப் போயிராத தாயி.”

அன்றைக்கு போனை வைத்துவிட்டு, துண்டை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினேன். ஒரே ஒரு முறுக்கு முறுக்கினால் போதும், வானம் முழுவதும் என் வாளியில் விழுந்துவிடும். துண்டு திமிறவில்லை. அது அப்படியே என் கைக்குள் இருந்தது, நான் என்ன செய்தாலும் சரி என்பது போல. நான் முறுக்கைப் பிரித்து நாற்காலியில் விரித்தேன். ரஹ்மத் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “சாப்பிட வா, இன்னிக்குப் பூரி” என்றாள்.

செமஸ்டரின் கடைசி நாள், அடுத்த செமஸ்டருக்கு ஜன்னல் திறக்கிற நாளும் அதுதான். அந்த முறை ஒரு புதுப் பாடம் வந்திருந்தது. நிலவு மட்டும். நடத்துவது ஜெசிந்தா மேடம்தான். மாணவர்கள் மட்டுமே ஜன்னலில் எதையும் போடலாம், காப்பாளர்கள் போடக் கூடாது. அன்று சாயங்காலத்துக்குள் இடம் இல்லையென்றால் எனக்கு ஊருக்குப் பஸ். ரஹ்மத் என் பெட்டிக்குப் பூட்டுகூட எடுத்து வைத்துவிட்டாள், அழுதுகொண்டேதான் எடுத்து வைத்தாள்.

துண்டு மாணவர். அதற்கு நிலவுப் பாடத்தில் இடம் பிடிக்க வேண்டும். போடுவதற்கு அதனிடம் என்னைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வந்ததும் அது என் இடுப்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டது. அதன் கனத்துக்கு வீச்சு நன்றாக இருந்தது. நான் இரண்டு வரிசையைத் தாண்டி மூன்றாவது வரிசையில் போய் விழுந்தேன்.

இடம் பிடிக்க வந்தவர்கள் அசையக் கூடாது. நான் கைகாலை ஒழுங்காக வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். முன் இருக்கையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவருடைய சித்தப்பா நாலாக மடிந்து கிடந்தார். கட்டியிருந்தது சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி, பார்க்க நன்றாக இருந்தது.

துண்டு வாசல் வழியாகச் சுற்றி வரவேண்டும். ஒரு செமஸ்டர் பாடமும் அதற்குள் இருந்ததால் அதனால் ஊர்ந்துதான் வர முடிந்தது. தாழ்வாரத்தில் அது தரையை உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அதற்கு முன்பே மேடம் உள்ளே வந்துவிட்டார்.

டிபன் கேரியர் வருகை சொன்னது. சித்தப்பாவும் சொன்னார். என் முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாய் திறந்தால் இடம் எனக்கு, துண்டுக்கு இல்லை. திறக்காவிட்டால் எனக்குச் சாயங்காலப் பஸ். இத்தனை மாதம் என் தோளில் போய் வந்த துண்டு வாசலுக்கு வெளியே வந்துகொண்டிருக்கிறது.

“வாயத் திறக்கலைன்னா காலி இடம்னு போட்டுருவேன். வெளிய நிறைய பேர் நிக்கிறாங்க” என்றார் மேடம்.

“சொல்லிரும்மா” என்றார் சித்தப்பா மடிப்புக்குள் இருந்து. “என் அண்ணன் மவன் வந்தா நானும் திட்டுதான் வாங்குவேன். அதுக்காக எடத்த விட முடியுமா?”

“உள்ளேன் மேடம். இசக்கியம்மாள்” என்றேன்.

மேடம் எழுதி முடித்தபோது துண்டு நிலைப்படிக்கு வந்தது. பின்னால் தாழ்வாரம் நெடுக ஈரக் கோடு. மேடம் நிமிர்ந்து பார்த்து, “இடம் இல்லையே” என்றார். துண்டு நகரவில்லை. உள்ளேயும் வரவில்லை, திரும்பியும் போகவில்லை.

நான் கண்டக்டர் மகள். எழுந்து நின்றேன்.

“மடியில வச்சிக்கிறேன் மேடம்.”

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “வயசு என்ன?”

“போன வருசத் தீபாவளிக்கு எடுத்தது.”

“அஞ்சு வயசுக்குள்ளதான். வரச் சொல்லுங்க.”

துண்டு வந்து என் மடியில் ஏறிப் படுத்தது. கனம் கொஞ்ச நஞ்சமில்லை. அதிலிருந்து ஈரம் என் சுடிதாரில் இறங்கியது. வியாழனின் துணைக்கோள்கள் முழங்காலில் சில்லென்றன. சூரியப் புள்ளிகள் தொடைக்கு வந்தபோது கதகதப்பாக இருந்தது. ஒரு செமஸ்டர் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த கை அசைவுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சத்தம் வந்தது. சனி மட்டும் வரவில்லை, அதைத்தான் நான் சாக்கடையில் விட்டேனே. உண்மையிலேயே கனத்தால்தான் மெதுவாக வந்ததா என்று துண்டிடம் நான் கேட்கவில்லை. அதன் கரையில் நான் முடிந்த நூலைத் தடவிக் கொடுத்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, அதையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

மேடம் பலகையில் ஒரு வட்டம் வரைந்தார்.

“முதல் கேள்வி. நிலா ஏன் பஸ் கூடவே வருது?”

யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

“டிக்கெட் எடுக்கலை மேடம்.”

“அது எல்லாருக்கும் தெரியும். ஏன் எடுக்கலை?”

எனக்கு அந்தப் பதில் மடியில் இருந்து வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்த கால்களுக்குத் தெரிந்திருந்தது.

“உள்ள இடம் இல்ல மேடம். விட்டுட்டுப் போகவும் மனசு வரலை.”

மேடம் திரும்பி, நான் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினார். எழுதி முடித்துவிட்டுப் போய், இடம் பிடித்து முடிந்ததும் சாத்திவிட்ட என் பக்கத்து ஜன்னலைத் திரும்பவும் திறந்துவிட்டு வந்தார். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். டிபன் கேரியர் ஒரு அடுக்கைத் திறந்து மூடியது.

அப்போது ஜன்னல் வழியாக ஒரு வெள்ளைக் கைக்குட்டை உள்ளே வந்து, என் பக்கத்தில் இருக்கை விளிம்பில் விழுந்தது. மேடம் பதிவேட்டைத் திரும்பத் திறந்தார். வெளியே பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிலா நின்றது.

“வாசல் வழியா வரணும்” என்றேன். “மெதுவாவே வாங்க, அதுவரைக்கும் நான் பாத்துக்கிறேன்.”

துண்டை மார்போடு ஏற்றிப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவை இன்னொரு மடிப்பு மடிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.