கோகிலவாணியின் வேலையைத் தேடி வந்தவர்கள்

ஆடி மாதம் தொலைந்துபோன வேலையைத் தேடித் தர, ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை நகராட்சியிலிருந்து இரண்டு பேர் கோகிலவாணியின் வீட்டுக்கு வந்தார்கள். ஏணி, டார்ச் லைட், ஒரு தூக்குப்போசி நிறையப் பால் எல்லாம் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். பெரியவர் துரைசாமி. கூட வந்த பெண் நசீமா.

"பால் எதுக்குங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"சில வேலைங்க பட்டினியா இருக்கும் அம்மிணி. கடைசியா எங்க பாத்தீங்க?" என்றார் துரைசாமி.

"பனியன் கம்பெனியிலீங்க. செக்கிங் செக்சன். ஒரு நாள் போனா கேட்டைப் பூட்டிப்போட்டாங்க. உள்ளயே மாட்டிக்கிச்சோ என்னமோ."

"மாட்டாது. ஜன்னல் வழியா வெளிய வந்துரும். வந்தா ஆளைத் தேடி வூட்டுக்குத்தான் வரும்."

கோகிலவாணிக்குச் சங்கடமாக இருந்தது. தினமும் இரண்டு வேளை கூட்டிப் பெருக்குகிற வீடு. கண்ணில் படாமல் எங்கே ஒடுங்கிக் கிடக்கிறதோ.

அவள் கணவர் சின்னராசு கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "காலைத் தூக்குங்க" என்றாள். தூக்கினார். நசீமா குனிந்து டார்ச் அடித்தாள். கட்டிலுக்கு அடியில் நரைத்த வேலை ஒன்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"இதுங்களாக்கா?"

"இல்லீங்க. அது எங்க மாமனாருது. போஸ்ட்மேனா இருந்தாருங்க."

"அப்ப ரிட்டயர் ஆனது. எழுப்ப வேண்டாம்."

சின்னராசு சத்தமில்லாமல் கால்களை இறக்கினார்.

பரண் காலியாக இருந்தது. சிலிண்டருக்குப் பின்னால் ஒரு அரைநாள் வேலை நின்றிருந்தது. பக்கத்துத் தெருவுடையதாம், வழி தவறி வந்துவிட்டதாம். துரைசாமி அதற்குக் கொஞ்சம் பால் கொடுத்து வெளியே அனுப்பினார்.

"கிடைச்சதும் அது இன்டர்வியூ மாதிரி உங்களைச் சோதிச்சுப் பாக்கும். அதுக்குள்ள பழகிக்குவோம்" என்று நசீமா ஒரு முக்காலியை எடுத்து அடுக்களைச் சுவரைப் பார்த்துப் போட்டாள். கோகிலவாணி உட்கார்ந்தாள். சுவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

அதை யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பெயரைச் சொன்னாள்.

"அப்புறம்?"

"துணியில ஓட்டை இருந்தா கண்டுபிடிச்சிருவேனுங்க. பாக்கக்கூட வேண்டாம். விரல்லயே தெரியும்."

"எங்கிட்ட இருக்கா?"

அவள் எழுந்து தடவிப் பார்த்தாள். "நாலஞ்சு எடத்துல இருக்குதுங்க."

சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. "நன்றி. வெளிய வெயிட் பண்ணுங்க" என்றது.

வெளியே என்றால் புழக்கடைக்குப் போகும் நடை. நாலு எட்டில் முடிகிற நடை இன்று முடிவே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

"தேடறதுக்கு வூடு பத்தலைன்னு ஆபீஸ்ல நடையை நீட்டிக் குடுத்திருக்காங்க. வாங்க" என்றார் துரைசாமி.

நடந்தார்கள். வெகுதூரம் போன பிறகு, வந்ததிலிருந்து கேட்க நினைத்ததைக் கோகிலவாணி கேட்டாள்.

"இத்தனை நாளாச்சுங்க. என்னை மறந்திருக்குமோ?"

"சிலது மறந்துரும்" என்றார் துரைசாமி. நசீமா அவரை முறைத்தாள்.

நடை ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போய் முடிந்தது. டெட்டால் வாசனை. நீளமான மேசை மீது, ஓட்டை பார்ப்பதற்காக வெள்ளைப் படுக்கை விரிப்புகள் குவிந்திருந்தன. ஜன்னலோரம் ஒரு வேலை நின்றிருந்தது. எருமைக்கன்று உயரம் இருக்கும்.

"இது என்னுது இல்லீங்க" என்றாள். "என்னுது சின்னது. மடியில வெச்சா அடங்கிரும்."

துரைசாமி பாலை நீட்டினார். அது பாலைப் பார்க்கவே இல்லை. நேராக அவளிடம் வந்து விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. பிறகு தன் முழுக் கனத்தையும் அவள் தோள் மேல் சாய்த்தது.

"அதேதானுங்கக்கா. வளந்திருக்குது, அவ்வளவுதான்" என்றாள் நசீமா.

கோகிலவாணி மூச்சை விட்டாள். ஆடியிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. விரிப்புகளின் ஓரம் லேசாக அசைந்தது.

"கனமா இருக்குதுங்களா அம்மிணி?"

"இருக்குதுங்க."

"எறக்கி வெக்கட்டுமா?"

"வேண்டாங்க. இருக்கட்டும்."

மணி அடித்தது. அவரவர் அடுக்களையிலிருந்து வந்த பெண்கள், சாப்பாட்டுப் பைகளை ஆணியில் மாட்டிவிட்டு மேசையைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

"புதுசுங்களா?"

"இல்லீங்க" என்றாள் கோகிலவாணி. "கொஞ்ச நாள் லீவுல இருந்தேன்."

முதல் விரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.