போயிருச்சுங்க

பெருமாநல்லூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் தண்டாயுதபாணியின் கூரியர் ஆபீஸ் இருந்தது. புதிதாக இரண்டு பார்சல்கள் அனுப்ப வந்த சித்ரகலா, வரிசையில் நின்றபடி சும்மா கண்ணை ஓட்டினாள். தராசுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளின் அடியில் ஒரு வெள்ளைத் துணி உறை நசுங்கிக் கிடந்தது. கட்டிங்கில் மிஞ்சிய துணியில் உறை தைத்து, வாயைச் சிவப்பு நூலால் மூடுவது அவள் வழக்கம். வரிசையை விட்டு விலகிப் போய் அதை இழுத்தெடுத்தாள். பிலாய் முகவரி. அவள் கையெழுத்து.

அன்று காலையில்கூடப் போன் போட்டுக் கேட்டிருந்தாள். "போயிருச்சுங்க அம்மிணி. ராய்ப்பூர் சேந்துருச்சு, அங்கிருந்து பக்கந்தானுங்க" என்று தண்டாயுதபாணி சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாளும் அதையேதான் சொன்னார்.

அந்த உறைக்குள் இருந்தது, குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கான ஜப்லாக்களும் குல்லாயும். உள்ளங்கையில் விரித்தால் அடங்கிவிடும் அளவு. கடையில் அந்த அளவுக்கு உடுப்பு கிடைக்காது. சித்ரகலாவின் இரண்டாவது மகள் தமிழ்மதி எட்டாம் மாதத்தில் பிறந்தபோது திருப்பூரிலேயே கிடைக்கவில்லை. நாடு நாடாகக் குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்கிற ஊரில், தன் குழந்தைக்கு ஒரு சட்டை இல்லையே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எரிச்சல்பட்டவள் அவள். வீட்டுக்கு வந்ததும் மெல்லிய இன்டர்லாக் துணியில், தையல் தோலில் உரசாதபடி வெளிப்பக்கமாக வைத்து, தானே தைத்துக்கொண்டாள்.

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த வருஷம் திருப்பூரில் ஆர்டர் குறைந்தது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த உடுப்பில் பழுது பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்த சித்ரகலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் செல்வக்குமாரின் வேலை மட்டும் தப்பியது. அப்போதுதான் அவள் பழைய தையல் மெஷின் ஒன்றை வீட்டு முன்னறையில் போட்டாள். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பரணி என்ற பெண், அந்தச் சின்ன உடுப்புகளைப் படம் எடுத்து, பொருள் விற்கும் இணையதளம் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தாள். கௌகாத்தியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. பிறகு நாக்பூர், கொச்சி, ஜம்மு. சித்ரகலா ஈரோட்டைத் தாண்டிப் போனவள் இல்லை. அவள் தைத்தது மட்டும் போயிற்று. பக்கத்து வீட்டு மாரக்காளையும் தையலுக்குச் சேர்த்துக்கொண்டாள். கூரியர் மட்டும் இல்லாவிட்டால் இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூவித்தான் விற்றிருக்க வேண்டும், சந்தையில் யாருக்கு வேண்டும் குறைமாதக் குழந்தையின் சட்டை என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தாய்மார்களையும் அவளையும் சேர்த்து வைத்தது அந்த ஆபீஸ்தான். தண்டாயுதபாணியை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தைப் பொங்கலுக்கு அவர் வீட்டுப் பேரனுக்கு உடுப்பு தைத்துக் கொடுத்திருந்தாள்.

இப்போது அந்த உறையைக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்கண்ணா, இது ராய்ப்பூர் போயிருச்சுன்னீங்களே."

தண்டாயுதபாணி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. "அட, இதுங்களா. வண்டீல எடம் பத்தலீங்க அம்மிணி. இன்னைக்குச் சாயந்திரம் மொத வேலையா ஏத்தி உட்டர்றனுங்க."

சித்ரகலாவுக்குக் காது சூடேறியது. முந்தின நாள் பிலாயிலிருந்து வந்த போன் அவளுக்குள் இன்னும் அப்படியே இருந்தது. உருக்காலையில் வேலை பார்க்கிற அருள்செல்வன் என்ற தமிழர் பேசினார். "குழந்தையை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கம்மா. போட ஒண்ணுமில்லை. என்னோட புது பனியனைக் கத்தரிச்சு அதுல சுத்தித்தான் எடுத்துட்டு வந்தோம்" என்றார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது. அவர் மனைவி போனைப் பிடுங்கினாள். "நீங்க அனுப்பவே இல்லை. அனுப்பிட்டேன் அனுப்பிட்டேன்னு எத்தனை நாள் சொல்லுவீங்க? என் குழந்தை விஷயத்துலயா பொய் சொல்றது?" என்றாள். சித்ரகலா தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தாள். ராய்ப்பூர் வந்துவிட்டது, நாளைக்கு உங்கள் கையில் இருக்கும் என்று அடித்துச் சொன்னாள்.

அதே நாள் சாயந்திரம் பரணி கூப்பிட்டனுப்பி இணையதளத்தைக் காட்டினாள். சித்ரகலாவின் கடைப் பெயருக்குக் கீழே, நட்சத்திரம் ஒன்று மட்டும் போட்டு, ஏமாற்றுக்காரி, யாரும் இவளிடம் வாங்காதீர்கள் என்று அந்தத் தாய் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

"எம் புள்ளைக மேல சத்தியம் பண்ணுனேனுங்க" என்றாள் சித்ரகலா. "நீங்க சொன்னதை நம்பி."

"தப்புத்தானுங்க. ஆனா பாருங்க, இதெல்லாம் எக்ஸ்போர்ட் சேம்பிளுங்க." பெட்டிகளை அவர் தட்டிக் காட்டினார். "ஜெர்மனிக்காரன் கைக்கு நாளு தப்பாமப் போவோணும். ஒரு நாள் தவறுனாலும் ஆர்டரே போயிருமுங்க. உங்க ஜப்லா ரெண்டு நாளு முன்னப்பின்ன போனா என்னங்க ஆயிரும்? கொழந்தை என்ன ஓடியா போயிரும்?"

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"அப்பப் போகலைன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள் சித்ரகலா. "போகலை, எடமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போஸ்ட் ஆபீஸ்ல போட்டுக்கறேன். போயிருச்சு போயிருச்சுன்னு எதுக்குச் சொன்னே? என்னை எதுக்குப் பொய் பேச வச்சே?"

பேச்சில் இருந்த 'ங்க' எப்போது உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஊரில் சண்டை போடுகிறவர்கள்கூட அதை விடமாட்டார்கள். தண்டாயுதபாணியின் முகம் சுருங்கியது.

"மரியாதையாப் பேசோணுமுங்க" என்றார்.

"மரியாதை குடுத்துத்தான் இது இங்க கெடக்குது."

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றிருந்தவர் பூபாலன். திருமுருகன்பூண்டிச் சிற்பி. பெரிய சிலைகளுக்கு நடுவே, மேஜையில் வைக்கிற அளவில் சின்னப் பிள்ளையார் செதுக்கி, பெங்களூருக்கும் பம்பாய்க்கும் அனுப்புகிறவர். அவர் தராசைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். தண்டாயுதபாணி, "ஏனுங்க, உள்ள வரக்கூடாதுங்க" என்றதை அவர் காதில் வாங்கவில்லை. வைக்கோல் திணித்துக் கட்டிய தன் மரப்பெட்டி ஒன்றை மூலையிலிருந்து தூக்கினார்.

"இதும் போயிருச்சுன்னுதான் சொன்னாருங்க" என்றார், எல்லோருக்கும் பொதுவாக.

அதற்குப் பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. எல்லோரும் உள்ளே நுழைந்து தேடினார்கள். காங்கேயத்திலிருந்து செக்கெண்ணெய் கொண்டுவந்து அனுப்புகிற சாரதாமணி, தகர டின் பக்கவாட்டில் ஒழுகிப் போய்க் கிடப்பதைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினாள். வேறு யார் யாருடைய பார்சல்களோ கேட்பாரில்லாமல் கிடந்தன.

அந்த நேரத்தில் கோயம்புத்தூர் போகிற வேன் வந்து வாசலில் நின்றது. டிரைவர் லிங்கசாமி பின்கதவைத் திறந்தான். சித்ரகலா போய்ப் படியில் ஏறி, திறந்த கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறுனா எல்லாம் ஏறட்டும். இல்லைன்னா ஒண்ணும் ஏற வேண்டாம்."

"அக்கா, எனக்கு நேரமாச்சுங்க" என்று லிங்கசாமி கெஞ்சினான். "அங்க வெளியூர் போற லைன் லாரி போயிருமுங்க."

"உன்னைச் சொல்லல கண்ணு. அவரைக் கேளு."

தண்டாயுதபாணி போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனார். யாருக்குப் பேசினார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது. செல்வக்குமார் கம்பெனி யூனிபார்மோடு மொபெட்டில் வந்து இறங்கினான். பெட்டிகளில் பாதிக்கு மேல் அவன் கம்பெனியின் சேம்பிள்தான். சாமானை உன் வீட்டுக்காரி மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அவனைத் தையலிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறார்.

அவன் அவள் பக்கத்தில் வந்து குனிந்து தணிந்த குரலில் பேசினான். "எந்திரிச்சு வா கலா. இது போகலைன்னா எங்க தையல் லைனையே மூடிருவாங்க. எல்லாரு பொழப்பும் இதுல இருக்குது."

அவளுக்குத் தெரியும். செக்கிங்கில் இருந்த காலத்தில் அந்த மாதிரிச் சேம்பிள்களை அவளே விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். ஒரு பெட்டி தாமதமானால் எத்தனை மெஷின் நிற்கும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் கோபத்தை அதிகமாக்கியதே அதுதான். அவள் கதவை மறித்தால் நஷ்டம் தண்டாயுதபாணிக்கு இல்லை. மெஷினில் உட்கார்ந்திருக்கிற தன் கணவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும்தான்.

"சேம்பிள் போகட்டும், நான் வேண்டாங்கலை" என்றாள். "எம் பொழப்பும் பொழப்புதான். அதை யாராவது சொன்னீங்களா? உங்க மெர்ச்சண்டைசர் சொல்லுவாரா? நீ சொல்லுவியா?"

செல்வக்குமார் நிமிர்ந்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு தண்டாயுதபாணியைப் பார்த்து, "அவ என்ன கேக்கறாளோ அதைச் செஞ்சு குடுத்துருங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அவளை எழுப்பக் கையை நீட்டவில்லை.

சித்ரகலா தன் செல்போனில் பிலாய் எண்ணை அழுத்தி, தண்டாயுதபாணியிடம் நீட்டினாள்.

"அந்தப் பொண்ணுகிட்டப் பேசு. எங்க கெடந்துச்சுன்னு நீயே சொல்லு. நான் எறங்கிக்கறேன்."

அவர் வாங்க மாட்டேன் என்றார். லிங்கசாமி மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மெர்ச்சண்டைசரின் அழைப்பு தண்டாயுதபாணியின் பையில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சித்ரகலாவின் போனை வெடுக்கென்று வாங்கிக் காதில் வைத்தார்.

"வணக்கமுங்க. பெருமாநல்லூர் கூரியரிலிருந்து பேசறேனுங்க... ஆமாங்க, அந்தப் பார்சல்தானுங்க... இல்லீங்க, ராய்ப்பூர் வரலீங்க. இங்கதான் இருந்துச்சுங்க. அந்தம்மா அன்னைக்கே குடுத்துட்டாங்க. நாங்கதான் அனுப்பலீங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். காதோரம் சிவந்தது. பிறகு போனை மூடி, அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார்.

சித்ரகலா இறங்கினாள். பூபாலனும் செல்வக்குமாரும் சேம்பிள் பெட்டிகளை நெருக்கி அடுக்கினார்கள். எல்லாப் பார்சலும் ஏறிய பிறகும் வேனில் இடம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்குத் தலைக்கு மேல் ஏறிய ஆத்திரத்தில் கண் நிறைந்துவிட்டது. இடம் இருந்திருக்கிறது. அடுக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

பிலாய் பார்சலை மட்டும் அவள் ஏற்றவில்லை. அஞ்சலகத்தில் விரைவுத் தபாலில் போட்டாள். அது போய்ச் சேர்ந்தது. குழந்தைக்குச் சட்டை அளவாக இருக்கிறது என்று அருள்செல்வன் போன் செய்தார். அவர் மனைவி தான் எழுதியதை அழிக்க முயன்றபோது, அந்த இணையதளத்தில் ஒருமுறை எழுதியதை அழிக்க வழியில்லை என்றார்கள். ஏமாற்றுக்காரி என்ற சொல் அங்கேயே நின்றது. அந்தப் புகாருக்காகச் சித்ரகலாவின் கணக்கை ஒரு மாதம் முடக்கியும் வைத்தார்கள். மாரக்காளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சித்ரகலா இரண்டு மூன்று தடவை அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள்.

தண்டாயுதபாணி அவளைச் சண்டைக்காரி என்று ஊரெல்லாம் சொன்னார். அவள் அதை மறுக்கவில்லை. பூபாலனையும் சாரதாமணியையும் கூட்டிக்கொண்டு, திருப்பூரில் இருந்த வேறொரு கூரியர் கம்பெனிக்குப் போனாள். பெருமாநல்லூரில் கிளை திறக்கிற அளவுக்குச் சின்னப் பார்சல் வராது என்று அங்கிருந்த மேனேஜர் சொன்னார்.

"வருமுங்க. எங்களை ஒவ்வொருத்தராப் பாத்தா வராதுங்க" என்றாள். "சேத்துப் பாருங்க."

ஜட்டி தைத்து அனுப்புகிறவர்கள், நைட்டி அனுப்புகிறவர்கள், ஊறுகாய் அனுப்புகிறவர்கள் என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். மேனேஜர் ஒருநாள் நேரில் வந்து பார்த்துவிட்டுச் சம்மதித்தார். தேனிப் பக்கத்திலிருந்து வந்து, பஸ் ஸ்டாப்பில் எஸ்டிடி பூத் வைத்திருந்த ஒச்சம்மாள், பூத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள், ஏஜென்சி எடுத்தாள். முதல் நாளே சித்ரகலா அவளிடம் சொன்னாள்.

"அக்கா, பார்சல் போகலைன்னா போகலைன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. பொய் மட்டும் சொல்லீறாதீங்க."

"நான் எதுக்குத்தா பொய் சொல்லப் போறேன்" என்றாள் ஒச்சம்மாள். "லேட்டானா நீ வந்து என்னைத் திட்டு. நான் மேல இருக்கவன திட்டுறேன்."

அடுத்த ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் தண்டாயுதபாணி சித்ரகலாவின் வீட்டுக்கு வந்தார். எக்ஸ்போர்ட் கம்பெனிகள் அவர் ஆபீஸை விட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து நேராக வண்டி வரவழைக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. முன்னறையில் இப்போது மூன்று மெஷின்கள் இருந்தன. மாரக்காள் திரும்ப வந்திருந்தாள்.

"நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க அம்மிணி" என்றார் வாசலில் நின்றபடி. "உங்க பார்சலுக்குன்னு தனி வண்டியே உட்டர்றனுங்க. சார்ஜும் கொறைச்சுக்கலாமுங்க."

சித்ரகலா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெயிலில் வந்தவருக்கு அதைக் கொடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"கொழந்தை என்ன ஓடியா போயிரும்னு சிரிச்சீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

அவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே அவருக்கு ஞாபகம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"போயிட்டு வாங்க" என்று சொல்லி அவள் சொம்பை வாங்கிக்கொண்டாள். உள்ளே திரும்பி, விட்ட இடத்திலிருந்து துணியை வெட்டத் தொடங்கினாள்.