அலுமாரிப் பூட்டு

கற்பிட்டியில் பெண்கள் மட்டும் வேலை செய்யும் ஸ்டூடியோ எங்களுடையது. முஸ்லிம் மணப்பெண்களை முக்காடில்லாமல் நாங்கள்தான் படம் எடுப்போம். படங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க் பொருத்திய ஒரு சேமிப்புப் பெட்டியில் இருந்தன. பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, பின்பலகைத் துளை வழியே வயரை மட்டும் கணினிக்கு இழுத்திருந்தோம்.

கணினியின் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் கணினி பெட்டியைத் திறக்க மறுத்தது. பெட்டி விற்ற கொழும்புக் கடைக்கு அழைத்தேன். இஃப்ஹாம் நானா எடுத்தார்.

"பெட்டிட பாஸ்வேர்ட் என்ன, தங்கச்சி?"

"பாஸ்வேர்ட் ஒண்டும் போடல்ல. அலுமாரி பூட்டித்தானே இரிக்கி."

"அதான் பிரச்சின. பாஸ்வேர்ட் இல்லாத பெட்டிக்குள்ள புது வேர்ஷன் போகாது. கம்பியூட்டர எனக்குத் திறந்து தாங்க. இங்கருந்தே அந்தத் தடைய எடுத்துவுடுறன்."

"ஏலா. புள்ளையள்ட படம் ஆம்புளைட கண்ணில படக்கூடா."

"நான் பாக்க மாட்டன்."

"பாக்காட்டியும் ஏலா. தடையும் இருக்கட்டும். பாஸ்வேர்ட் போடுற விதத்தச் சொல்லுங்க, நானே போடுறன்."

பெருமூச்சு விட்டுச் சொன்னார். பெட்டிக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். அவற்றையே கணினியிலும் தட்டியதும் படங்கள் திரை நிறைய வந்தன.

"வேல செய்யுது" என்றேன்.

"நல்லம். அந்தப் பாஸ்வேர்ட எனக்கும் அனுப்பி வைங்க, பிறகு உதவும்."

"பூட்டில்லாத அறைக்குள்ள போகக் கம்பியூட்டரே வெக்கப்பட்டிச்சி, நானா. உங்களுக்கு எப்ப வெக்கம் வரும்?"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தேன்.