இரண்டு பொட்டலத்திலும் ரோஸ்

ரோஜா என்று பாடப்புத்தகம் சொல்லும். மதுரைப் பக்கம் பூக்கடையில் போய் நின்றால் ரோஸ்தான். பூவும் ரோஸ், அந்த நிறமும் ரோஸ், வெயிலுக்குக் குடிக்கிற பாலும் ரோஸ் மில்க். இங்கிலீஷ்காரன் ஒரு பூவுக்கு வைத்த பேரை நாம் கண்டதற்கெல்லாம் வைத்துக்கொண்டோம். அதனால் ஊரில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை, சூர்யபிரகாஷைத் தவிர.

அவன் கஷ்டம் அவனே தேடிக்கொண்டது. தங்கை பவதாரிணி திருமங்கலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. படிக்கிற காலத்திலிருந்து ஆசைப்பட்ட வேலை. ஆனால் அம்மா மலையம்மாளுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் ஆறாத புண். காலையும் ராத்திரியும் ஊசி போடுவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் பவதாரிணிதான். அவள் போய்விட்டால் அண்ணன்காரன் செய்ய வேண்டும். அவனுக்கு ஆரப்பாளையத்தில் செல்போன் கடையில் வேலை, மிச்ச நேரமெல்லாம் கூட்டாளிகளோடு. "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போகாதே என்று சொல்லவும் தைரியம் கிடையாது.

அம்மாதான் வழி சொன்னாள். "நம்ம சோணைசாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம்யா. மல்லி வந்தா பிள்ள போகட்டும். ரோஸ் வந்தா வேணாம்."

ஒரு பொட்டலத்தில் மல்லி, இன்னொன்றில் ரோஸ். இரண்டையும் சாமி காலடியில் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது.

பூ வாங்கிக் கட்டும் பொறுப்பு சூர்யபிரகாஷுக்கு வந்தது. அவன் மல்லியை வாங்கி வழியிலேயே வீசிவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் ரோஸையே வைத்தான். அம்மாவுக்காகத்தானே என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

பூசாரி வெள்ளைத்துரை பொட்டலங்களை வைத்தார். சாமி கும்பிட வந்த யார் வீட்டுச் சின்னப் பெண்ணோ ஒன்றை எடுத்துக் கொடுத்தது. ரோஸ். அம்மா அழுதாள். பவதாரிணி, "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். கோயில் வாசலில் நின்றபடியே சென்னைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் அவன் மிச்சப் பொட்டலத்தைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த முள்ளுச்செடிக்குள் எறிந்துவிட்டு வந்தான்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத்தான் தூங்கினான். மறுநாள் காலையில் அம்மா உள்ளேயிருந்து, "ஏய்யா, அந்த ரோஸ் சீலைய எடுத்துக் குடு" என்றாள். அவனுக்குப் பகீரென்றது. கடைக்குப் போனால், ஒரு பொம்பளை வந்து போனுக்கு ரோஸ் கலர் கவர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். மத்தியானம் கூட்டாளி அருள்பாண்டி தோளில் தட்டி, "மாப்ள, ரோஸ் மில்க் சொல்லவா?" என்கிறான். "ஒண்ணும் வேணாம்டா" என்று இவன் எரிந்து விழுந்தான். அம்மா போடும் மாத்திரைகூட ரோஸ்.

வீட்டில் யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பவதாரிணி எப்போதும் போல வேலைக்குப் போனாள், வந்தாள், புண்ணைக் கட்டினாள். அம்மாதான் பொருமிக்கொண்டே இருந்தாள். "எம்புட்டு ஆசப்பட்டா! எனக்காகத்தான் சாமி அவளப் போகவிடல. நான் செத்துப் போயிருந்தா நிம்மதியாப் போயிருப்பா." தான் செய்த காரியத்துக்கு அம்மா பழி சுமக்கிறாள் என்று புரிந்தபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. தன்னைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கையிடம் போய் நின்றான்.

"ஏத்தா, அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் ரோஸத்தான் வச்சேன்."

அவள் ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "தெரியும்ணே."

"தெரியுமா?"

"பொட்டலத்துல மல்லி வாசமே இல்ல. மதுரைக்காரிக்கு அது கூடவா தெரியாது? சென்னைக்குப் பேசி முடிச்சதும் சந்தேகம் தட்டுச்சு, நீ பின்னால எறிஞ்சதத் தேடி எடுத்துப் பிரிச்சும் பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லிருக்கலாம்ல? மறுபடி போன் பண்ணி வாரேன்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருக்கலாம். போனையும் கையில எடுத்தேன்." அவள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. "சாமி சொல்லுச்சுன்னு நான் மொதல்ல வேலைய விட்டேன். ஆனா பிரிச்சுப் பாத்ததுக்கப்புறம் ஒன் ஒருத்தனாலதான் நின்னுட்டேன். சாமி காலடியிலயே பொய்ய வைக்கிறவன்கிட்ட அம்மாவ எப்படிண்ணே விட்டுட்டுப் போறது? ஊசியப் போடாமலே போட்டாச்சுன்னு நீ போன்ல சொன்னா, அங்க இருந்துக்கிட்டு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். சத்தியம் பண்ண அவனுக்கு ஒரு சாமி மிச்சமில்லை.