ஆட்சேபம் இருந்தால் எழுதவும்

கோவில்பட்டியில் பூச்சிமருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மழைக்கஞ்சிப் பதிப்பகம். படி செங்குத்து. எழுபத்தெட்டு வயதுத் திருப்பதி கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். மேலே போய் நின்றபோது மூச்சு வாங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சட்டைப்பையில் அவர்கள் அனுப்பிய கடிதம் இருந்தது. யாரும் அச்சேற்றாத ஆட்களின் புத்தகங்களைப் போடுகிற பதிப்பகம் அது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், ஆடு மேய்ப்பவர்கள், கிணறு வெட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே எழுத்தாளர்கள். உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயர் புத்தகத்தில் வந்தால், அச்சுக்குப் போகுமுன் அவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டுவது அவர்கள் வழக்கம். 'கண்ணபிரான் மகள் வள்ளித்தாய் எழுதிய நூலில் தங்கள் பெயர் வருகிறது' என்றது கடிதம்.

கண்ணபிரான் பெயரைப் படித்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வக்கீலைக்கூடப் பார்த்துவிட்டார். குடும்ப மானம் என்று தொடங்கி எங்கே குரலை உயர்த்துவது என்பதுவரை கழுகுமலை பஸ்ஸிலேயே மனதுக்குள் கோத்து வைத்திருந்தார்.

"உக்காருங்க தாத்தா" என்றாள் காவியா. பதிப்பகத்தை நடத்துகிற பெண். பேத்தி வயதுதான் இருக்கும்.

"நிக்கேன். எங்க அது?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார்.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய கோடை. நிலத்துக்கு உரமாகட்டும் என்று திருப்பதியின் புஞ்சையில் கண்ணபிரான் ஆட்டுக்கிடை போட்டிருந்தார். அந்த வாரம், ஊரார் பெரிய வீடு என்று சொல்லும் திருப்பதி வீட்டில் இரண்டு மூட்டை உளுந்து காணாமல் போயிற்று. வள்ளித்தாய் எழுதியிருந்தாள்:

'எங்கள் அய்யா கோயில் முன்னால் விழுந்து, நான்தான் எடுத்தேன் என்றார். எனக்கு ஒன்பது வயது. பக்கத்தில் நின்றேன். அபராதமாக இரண்டு கிடாய் போயிற்று. போலீசுக்குப் போகாமல் விட்டது திருப்பதி முதலாளியின் நல்ல மனசு. சாகப்போகும்போது அய்யா என் கையைப் பிடித்து, நான் எடுக்கல தாயீ என்றார். நான் நம்பவில்லை. பெரிய வீட்டார் பொய் சொல்ல மாட்டார்கள்.'

முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா என்று நெஞ்சு தணிந்தது. அந்த ஒரு மூச்சு நிம்மதிக்காகத்தான் அவர் உடம்பு அடுத்த கணமே கூசியது.

அபராதம் வாங்கிய மூன்றாம் நாளே உண்மை அவருக்குத் தெரியும். கோவில்பட்டி மண்டியில் சிவப்புச் சணல் போட்டுத் தைத்த தன் வீட்டுச் சாக்குகளைத் தானே பார்த்தார். விற்றது தம்பி காளீஸ்வரன். தம்பிக்குக் கல்யாணத் தேதி குறித்தாயிற்று. பெண் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வாயைக் கட்டிக்கொண்டார்.

"படிச்சிட்டீங்களா? ஆட்சேபம் இல்லேன்னா இங்கன ஒரு கையெழுத்து. இருந்தா கீழ எழுதுங்க."

பேனாவை வாங்கினார். அப்போது உள்ளறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நரைத்த தலை, எப்போதும்வென்றான் ஊரிலிருந்து விடியக் கிளம்பி வந்த களைப்பு. அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாங்க மொதலாளி. நாந்தான் வள்ளித்தாய். அடையாளம் தெரியாது ஒங்களுக்கு."

"தெரியுது. அய்யா சாடை."

"தப்பா ஒண்ணும் எழுதல. இந்தப் புள்ளதான், அவிய கிட்ட காட்டாம போடக்கூடாதுன்னுட்டு. மொதலாளி எங்க இந்த மச்சுப்படி ஏறி வரப்போறாருன்னேன். வந்துட்டீங்களே!" என்று சிரித்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிடலாம். பேனா தாளைத் தொட்டது. நகரவில்லை.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு."

காவியாவின் முகம் இறுகியது. "பேரை மட்டும் எடுத்துருதோம் தாத்தா."

"அதில்ல. ஒங்க அய்யா எடுக்கல வள்ளித்தாய். ஒத்துக்கிடச் சொன்னது நாந்தான். ஒத்துக்கிட்டா ரெண்டு கிடாயோட போயிரும், இல்லேன்னா கிடை முச்சூடும் போயிரும்னு அவரு காதுல சொன்னேன். அப்ப எனக்கும் அவரு மேலதான் சந்தேகம்."

"பெறகு?"

"என் தம்பிதான் எடுத்திருக்கான்."

"எப்பத் தெரியும்?"

"மூணாம் நாளு."

அவள் விரலை மடக்கி எதையோ எண்ணினாள். "எங்க கிடாய எப்ப அறுத்தீங்க?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எட்டாம் நாளு. தம்பி கல்யாணத்துக்கு."

பிறகுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"அய்யா கையப் பிடிச்சிக்கிட்டு சொன்னாரு, காவியா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். சாவுற நேரத்துலயும் பொய்யான்னு நெனச்சேன்" என்றாள். கண்ணைத் துடைக்காமலே காவியாவின் சிவப்புப் பேனாவை எடுத்து, பெரிய வீட்டார் பொய் சொல்ல மாட்டார்கள் என்ற வரியை அடித்தாள். நல்ல மனசு என்பதையும் அடித்தாள். கோடு தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

"நம்பவில்லைங்கிறதையும் எடுத்துரவாக்கா?" என்றாள் காவியா.

"அது இருக்கட்டும். அது நெசந்தான்."

திருப்பதி தொண்டையைச் செருமினார். "என் பேரு இருக்கட்டும். நடந்தத எழுதிக்கோ. தம்பி பேரு மட்டும் வேண்டாமே. செத்துப் போனவன். மகன் இந்த ஊர்லதான் கடை வச்சிருக்கான். பேத்திக்கு மாப்பிள்ளை பாக்குதாக."

சொல்லி முடித்தபிறகே தன் குரல் அவர் காதில் விழுந்தது. அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே காரணம்.

வள்ளித்தாய் முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "எங்கய்யாவும் செத்துத்தான் போனாரு மொதலாளி. எனக்கும் மாப்பிள்ளை பாத்தாங்க. திருடன் மகள்னு மூணு எடம் திரும்பிப் போச்சு."

கீழே கடையில் யாரோ பருத்திக்கு மருந்து கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திருப்பதி தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஆட்சேபம் இருந்தால் எழுதவும் என்று அச்சிட்டிருந்த இடத்தில் எழுதினார்: 'உளுந்து எடுத்தவர் என் தம்பி காளீஸ்வரன். தெரிந்தும் மறைத்தவன் நான்.' கீழே அப்பா பெயர், ஊர் பெயரோடு முழுக் கையெழுத்துப் போட்டார்.

வள்ளித்தாய் அதை எழுத்துக்கூட்டுவதைப்போல மெதுவாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு காவியாவிடம் கொடுத்தாள்.

"இதையும் அப்படியே போடு" என்றாள்.

அவர் எழுந்தார். யாரும் வழியனுப்ப வரவில்லை. படியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.