மிச்சமும் போனதும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்று எங்கள் வீட்டில் துவாரகாவைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளிலிருந்து உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பது அவளும் நானும்தான். இரசாயனவியல் தவணைப் பரீட்சையில் கோட்டை விட்டதால், திங்கட்கிழமை முதல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவுக்கு மாறப்போகிறாளாம். அவள் போனால் நான் தன்னந்தனி. பெரகல சந்தியில் பஸ் ஏறுவதும் தனியாகத்தான்.

“இந்த ஒரு கணக்கப் போட்டுட்டு எங்க வேணாலும் தொலடி,” என்று கொப்பியை அவள் முன்னால் போட்டேன்.

ஆரம்பத்தில் A 1.0 மூல், B 0.8 மூல், C இல்லை. சமநிலையில் A 0.4, B 0.6, C 0.4. இந்த இரசாயனத் தாக்கத்தின் சமன்பாடு என்ன? அவள் சமநிலையில் இருந்ததை மட்டும் பார்த்து 2A + 3B ⇌ 2C என்று எழுதினாள்.

“மிச்சம் இருக்கிறத எதுக்குடி பாக்குற?”

“வேற எதப் பாக்குறது?”

அம்மா வெறும் தேயிலைச் சாயத்தண்ணியும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தார். துவாரகா வழக்கம்போல் கருப்பட்டியில் ஒரு கடி, சாயத்தண்ணியில் மூன்று மடக்கு என்று தொடங்கினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஒரு கடிக்கு எத்தன மடக்கு?”

“மூணு.”

“கோப்பையில மிச்சம் இருக்கிறதையும் கையில இருக்கிற கருப்பட்டியையும் பாத்தா அது தெரியுமா?”

“எப்புடித் தெரியும்? குடிச்சதையும் கடிச்சதையும்ல பாக்கணும்,” என்றவள் சட்டென்று கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். A இல் போனது 0.6. B இல் போனது 0.2. C இல் வந்தது 0.4. மூன்றையும் 0.2 ஆல் வகுத்து 3A + B ⇌ 2C என்று எழுதினாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் மாறுவதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. பேச்சை மாற்ற, அடுத்த கணக்கை நானே மளமளவென்று போட்டேன். A 0.4 போயிருந்தது, B 0.2 போயிருந்தது, சமநிலையில் C 0.6. 2A + B ⇌ 3C என்று பெருமையாக அடிக்கோடு இட்டேன்.

துவாரகா கேள்வியை மறுபடி வாசித்தாள்.

“ஆரம்பத்துலயே C 0.2 இருந்திருக்கு. புதுசா வந்தது 0.4தான். 2C போடுடி.”

என் முகம் போன போக்கைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டார்.

“ஒன்னத் தனியா விட்டுட்டுப் போனா வெளங்கிரும்,” என்றாள் துவாரகா. “திங்கக்கெழம பஸ்ல எனக்கும் ஒரு சீட்டுப் புடிச்சு வை.”

கணக்கில் தப்புப் போட்டுவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.