கரண்டு போகட்டும்

"இன்னும் போகலையே?"

"போகும். மஃரிபு தொழுது முடிக்கிறதுக்குள்ள தினமும் போயிடுது. இன்னிக்கு மட்டும் இருந்துடவா போகுது?"

"வெளிச்சம் வேணும்னா பிடுங்கிக்கிறாங்க. இருட்டுக்காகக் காத்துக் கிடந்தா அள்ளிக் கொட்டுறாங்க."

அஜ்மல் சிரித்தான். அவன் மனைவி ரிஹானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் மெஷினின் தலையைப் பழைய கைலியில் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பால்கனி ஓரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும். பேப்பர், சாவி, காலைச் சாப்பாட்டுக்கு மொஹிங்கா நூடுல்ஸ் எல்லாம் அதில்தான் ஏறி வரும். மெஷின் இறங்கியதில்லை.

படி வழியே கொண்டுபோக முடியாது. இரண்டாம் மாடியில் வார்டு ஆபீஸ்காரர் ஊ சான் வின்னின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். மெஷினை விற்கிறார்கள் என்றால் யாரோ கிளம்புகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்; உடனே மேலிடத்துக்குச் சொல்லிவிடுவார். பெட்ரோல் விலை ஏறி, பஸ் கட்டணமும் அரிசியும் அதன் பின்னாலேயே ஏறியதிலிருந்து அஜ்மலுக்கு வேலை இல்லை. தைக்கத் துணி கொண்டுவருவாரும் இல்லை. விடிந்தால் மலேசியாவுக்கு ஆள் கூட்டிப்போகிறவன் வருவான். மெஷின் விற்ற பணத்தை இன்றே கொடுத்தால்தான் அஜ்மலுக்கு இடம். பிடிபட்டால் வேறு இடம்.

சட்டென்று தெரு அணைந்தது.

"பிஸ்மில்லா," என்றான் அஜ்மல். மெஷினை வாங்கிப்போக, கீழே சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவோடு நின்ற பீர் முகைதீன் மெல்லக் கனைத்தார்.

கயிறு உள்ளங்கையை அறுத்தது. மூட்டை சுவரில் ஒருமுறை இடித்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினார்கள்.

"மீ லா ப்யீ!"

கரண்டு வந்துடுச்சு என்று தெருவே பர்மிய மொழியில் ஆர்ப்பரித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தண்ணீர் மோட்டார்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு உறுமின. எல்லா வீட்டிலும் வெளிச்சம் வந்த அந்தச் சந்தோஷத்தில், இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேரே அந்த மூட்டை மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. கைலி விலகி, மெஷினின் கறுப்புக் கழுத்து மினுங்கியது.

"இழுத்துடலாமா?" அஜ்மல் கேட்டான்.

"இழுத்தா இடம் போயிடும்."

ஜன்னலுக்கு மா திடா வந்தாள், ஊ சான் வின்னின் மனைவி. அவள் மகளின் பச்சைப் பள்ளிச் சீருடை இந்த மெஷினில்தான் தைத்தது. கையை நீட்டி, சுழன்ற மூட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

உள்ளேயிருந்து ஊ சான் வின் கேட்டார்: "அங்க என்ன?"

ரிஹானா பால்கனிக் கம்பிமேல் குனிந்தாள். அவளுக்குத் தெரிந்த பர்மிய வார்த்தைகளிலேயே மிக மரியாதையானவற்றைப் பொறுக்கியெடுத்து, கேட்டும் கேட்காததுமாகச் சொன்னாள்:

"மா திடா, உங்க வீட்டு விளக்கை மட்டும் கொஞ்சம் அணைச்சுடுறீங்களா?"